பசியோடு ஓடும் பிள்ளைகள்: வேலூர் மைதானங்களிலிருந்து ஓர் உணவியலாளரின் குறிப்பு

முழுப் பரீட்சை முடிந்து கோடைப் பயிற்சி முகாம்கள் தொடங்கினால் என் கிளினிக்கில் கிரிக்கெட் பேச்சு கூடிவிடும். நான் மருத்துவ உணவியல் படித்தவள், காட்பாடிப் பக்கம் வேலை. வருபவர்கள் பெரும்பாலும் எட்டாம் வகுப்பிலிருந்து கல்லூரி முதலாண்டு வரை படிக்கிற பையன்கள். கூடவே அம்மா. “யோயோல பதினேழு வரணும் மேடம், என்ன சாப்பிடணும்?” என்பான் பையன். “ஒரு மாசமா சோத்தையே தொட மாட்றான் மேடம்” என்பார் அம்மா. உடம்பு பெருத்துப்போய் வருகிற கிரிக்கெட் பிள்ளைகள் மிகக் குறைவு. நான் பார்ப்பதெல்லாம் ஓடுகிற ஓட்டத்துக்குப் பாதி கூடச் சாப்பிடாத பிள்ளைகளைத்தான்.

அந்தப் பதினேழு எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தில் ஒருவருக்கு எவ்வளவு தாக்குப்பிடிக்கும் பலம் இருக்கிறது என்று அளக்கிற யோயோ சோதனையை உருவாக்கியவர் டென்மார்க்கின் உடலியல் விஞ்ஞானி யென்ஸ் பாங்ஸ்போ. 20 மீட்டர் ஓடி, திரும்பி 20 மீட்டர் ஓட வேண்டும். பிறகு 10 விநாடி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மறுபடி ஓட்டம். பீப் ஒலியின் வேகம் கூடிக்கொண்டே போகும், ஈடுகொடுக்க முடியாதபோது நின்றுவிட வேண்டியதுதான். இந்திய அணி 2017இல் இதைக் கட்டாயமாக்கியபோது தேர்ச்சி எண் 16.1. மீட்டரில் சொன்னால் மொத்தம் 1,120 மீட்டர் ஓட்டம். 2023இல் விராட் கோலி தான் எடுத்ததாக வெளியில் சொன்ன 17.2 என்பது 1,480 மீட்டர். 2021இல் இதோடு 2 கிலோமீட்டர் ஓட்டமும் சேர்ந்தது. வேகப்பந்து வீச்சாளருக்கு 8 நிமிடம் 15 விநாடி, மற்றவர்களுக்கு 8 நிமிடம் 30 விநாடி. 2025இல் பிராங்கோ என்கிற ஓட்டச் சோதனை வந்தது. 20, 40, 60 மீட்டர் போய்த் திரும்புவதை இடைவெளியே இல்லாமல் ஐந்து முறை செய்தால் 1,200 மீட்டர் ஆகும்.

இவை எல்லாமே அளவுகோல்கள். தெர்மாமீட்டரை அடிக்கடி வைத்துப் பார்த்தால் காய்ச்சல் இறங்கிவிடாது. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் கைப்பேசியில் பீப் ஒலியைப் போட்டுக்கொண்டு வாரத்துக்கு மூன்று நாள் யோயோவையே பயிற்சியாக ஓடுகிறார்கள். அதுவும் வெறும் வயிற்றில்.

2018 ஜூனில் அம்பாதி ராயுடுவும் முகமது ஷமியும் இந்தச் சோதனையில் தேறவில்லை. ராயுடு இங்கிலாந்து ஒருநாள் தொடரில் ஆடும் வாய்ப்பை இழந்தார், ஷமி ஆப்கானிஸ்தான் டெஸ்டில் ஆடும் வாய்ப்பை இழந்தார். ஷமி ஆகஸ்டிலேயே இங்கிலாந்தில் டெஸ்ட் ஆடினார். ராயுடு செப்டம்பரில் ஆசியக் கோப்பைக்கு வந்துவிட்டார். சில மாதப் பயிற்சியில் சரியாகிற விஷயம் என்று அணி நிர்வாகத்துக்கே தெரியும். நம் ஊரில் ஒரு முறை தோற்ற பையனை “ஸ்டாமினா இல்லாதவன்” என்று ஓரங்கட்டுவதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது. பருத்த உடல்வாகுள்ள பேட்ஸ்மேன் சர்ஃபராஸ் கானை ஒதுக்கியபோது, ஒல்லியானவர்கள்தான் வேண்டுமென்றால் ஃபேஷன் ஷோவுக்குப் போய் மாடல்களைத் தேடுங்கள் என்கிற பொருளில் கவாஸ்கர் கேட்டார். அவர் பக்கம்தான் நானும். ஆனாலும் இன்றைய டி20 ஓட்டத்துக்கு ஒரு குறைந்தபட்ச மூச்சுப்பலம் வேண்டும் என்பதை மறுக்க மாட்டேன்.

சரி, ஒரு பதினாறு வயதுப் பையனின் நாளைப் பாருங்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கோட்டை மைதானம். கிளம்பும்போது ஒரு டீ, இரண்டு பிஸ்கட். ஏழரைக்கு வீடு, குளியல், பள்ளி வேன். நேரமிருந்தால் இரண்டு இட்லி. மதியம் டப்பாவில் லெமன் சாதமும் உருளைக்கிழங்கும். நாலரைக்கு மறுபடி நெட்ஸ் (வலைப் பயிற்சி), ஆறரைக்கு டியூஷன், ராத்திரி ஒன்பதரைக்குத்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அதிலும் அரிசி வேண்டாம், சப்பாத்தி இரண்டு போதும் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை என்றால் பாலாற்று மணலில் டென்னிஸ் பந்துப் போட்டி, நாள் முழுக்க. இவன் 55 கிலோ இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். இந்த உழைப்புக்கு நாளொன்றுக்கு 275 முதல் 330 கிராம் வரை மாவுச்சத்தும் 80 கிராம் அளவுக்குப் புரதமும் வேண்டும். மேலே சொன்ன சாப்பாட்டில் மாவுச்சத்தே குறைகிறது. புரதம் பாதியைத் தாண்டாது. இதில் அவன் வளரவும் வேண்டும். அந்த வயதில் எலும்பு நீள்வதற்கும் தடிப்பதற்கும் உடம்பு தனியாகக் கணக்கு வைத்திருக்கும்.

பற்றாக்குறை முதலில் எடையில் தெரியாது. தூக்கம் கெடும், எரிந்து விழுவான், சளி பிடித்தால் லேசில் விடாது, மாலை நேரத்தில் பந்தின் வேகம் இறங்கும். “பையன் முன்ன மாதிரி இல்ல” என்று கோச் சொல்வார். இன்னும் ஓட வைப்பார்கள்.

வேகப்பந்து வீசும் பிள்ளைகளிடம் இது முதுகெலும்பில் போய் முடிகிறது. வலக்கையால் வீசுபவனுக்கு இடுப்புக்குச் சற்று மேலே இடப்பக்கம் வலிக்கும். பின்னால் வளைந்தால் அதிகமாகும், ஓய்வெடுத்தால் குறையும். சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துவிட்டு மறுபடி வீசுவான். அது எலும்பில் விழுந்த நுண்ணிய விரிசலாக இருக்கலாம். தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், எம்.ஆர்.ஐ. தேவைப்படும். ஜஸ்பிரித் பும்ராவுக்கு 2019இல் இதுதான் வந்தது. 2022இல் முதுகுக் காயத்தால் டி20 உலகக் கோப்பையை இழந்தார், 2023 மார்ச்சில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஆகஸ்டில்தான் திரும்பினார். அவரைச் சுற்றி மருத்துவர், பிசியோ, உணவியலாளர் என்று ஒரு படையே இருந்தது. மூன்று வாரத்துக்கு மேல் ஒரே இடத்தில் முதுகு வலிக்கிற பதினைந்து வயது பவுலருக்கு இருப்பதோ ஒரு தைல பாட்டில். அவனை எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள், அதுவரை பந்தைக் கையில் கொடுக்காதீர்கள்.

ஓவர் கணக்கும் உணவோடு சேர்ந்த விஷயம்தான். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகளாக வைத்திருந்த வழிகாட்டியில் 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு ஸ்பெல்லில், அதாவது ஒரே மூச்சில், 5 ஓவர், நாளுக்கு 10 ஓவர்தான். 15 வயதுக்குட்பட்டவருக்கு 6, 12. நம் பையன் அகாடமி நெட்ஸில் ஒன்று, பள்ளி அணியில் ஒன்று, தெரு அணியில் ஒன்று என மூன்று இடத்தில் வீசுகிறான். மூன்றையும் கூட்டிப் பார்க்கிற ஆள் யாருமில்லை. ஒரு நோட்டில் அவனையே எழுதச் சொல்லுங்கள்.

கோலியைப் பற்றிப் பேசாமல் இந்தப் பிள்ளைகளோடு பேச முடியாது. 2018இல் அவர் இறைச்சியை விட்டதற்குக் கழுத்தெலும்புத் தொந்தரவும் யூரிக் அமிலம் கூடியதும் காரணம் என்று அவரே பின்னர் சொன்னார். அதாவது, அது ஒரு உடல்நலப் பிரச்சினைக்காக எடுத்த முடிவு. 2021இல் தன் சாப்பாட்டில் முட்டை உண்டு என்று சொன்னதும் இணையத்தில் சண்டை மூண்டது. நான் வீகன் (பால், முட்டைகூடத் தொடாதவர்) என்று ஒருபோதும் சொன்னதில்லை என்று அவர் விளக்கம் தர வேண்டியதாயிற்று. இங்கே குடியாத்தத்துப் பையன் ஒருவன் முட்டையையும் பாலையும் சேர்த்து விட்டுவிட்டான், “கோலி டயட்” என்று!

பிரியாணிப் பிரச்சினைக்கு வருவோம். ஆம்பூர் பக்கத்திலேயே இருக்கும்போது தப்பிக்க முடியுமா? 2019இல் மிஸ்பா உல் ஹக் பாகிஸ்தான் பயிற்சியாளரானதும் வீரர்களின் முகாமில் பிரியாணியையும் எண்ணெய் மிதக்கும் கறியையும் இனிப்பையும் நிறுத்தினார் என்று செய்தி வந்தது. அதைக் காட்டி என்னிடம் கேட்கிறார்கள். நான் பிரியாணியை நிறுத்தச் சொல்வதில்லை. சீரகச் சம்பா சோறும் கறியும் மாவுச்சத்தும் புரதமும்தானே. கொழுப்பு அதிகம், செரிக்க நேரமாகும், ஆகவே ஆட்டத்துக்கு முன்னால் வேண்டாம். ஆட்டம் முடிந்த ஞாயிறு இரவு ஒரு பிளேட் சாப்பிட்டால் எந்த யோயோவும் கெட்டுவிடாது. ஆற்காட்டு மக்கன் பேடா இனிப்பைப் பற்றி மட்டும் இதே தாராளம் காட்ட மாட்டேன்.

அந்த 80 கிராம் புரதத்துக்குப் பவுடர் டப்பா எதுவும் வாங்க வேண்டியதில்லை. இரண்டு முட்டையில் 12 கிராம். ஒரு கைப்பிடி மல்லாட்டை (நிலக்கடலை), அதாவது 50 கிராம், இன்னொரு 12. பாலும் தயிருமாக நாளுக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போனால் 14. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10. சோறு, இட்லி, பருப்பு எல்லாமாக 20 வந்துவிடும். மீதிக்கு ஒரு துண்டு கோழியோ மீனோ. சைவ வீடென்றால் தயிரையும் சுண்டலையும் கூட்டினால் போதும். இதில் எது நம் சந்தையில் கிடைக்காது? மல்லாட்டை விளையும் பூமியில் உட்கார்ந்துகொண்டு பாதாம் வாங்க வசதியில்லையே என்று வருத்தப்படும் அப்பாக்களைப் பார்க்கிறேன். கேழ்வரகும் அப்படித்தான். 100 கிராம் மாவில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. களியும் கீரையும் பாட்டி வீட்டுச் சாப்பாடு என்று கூச்சப்படுகிறவன் காசு கொடுத்து ஓட்ஸ் வாங்கித் தின்கிறான்.

விடியற்காலைப் பயிற்சிக்கு முன்னால் ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் போதும். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் டிஃபன். பள்ளி வேனில் உட்கார்ந்து சாப்பிடுவதானாலும் சரி, அவித்த முட்டையும் நாலு இட்லியும் கொடுத்தனுப்புங்கள். மாலை நெட்ஸுக்கு முன் சுண்டல். நான் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். “இதுக்கா மேடம் ஃபீஸ்” என்று கேட்டவர்களும் உண்டு.

வெயிலை விட்டுவிட முடியாது, வேலூர் ஆயிற்றே. 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் 210 ரன் அடித்தார். களத்திலேயே வாந்தி எடுத்தார், பிறகு மருத்துவமனையில் சலைன் ஏற்ற வேண்டியதாயிற்று. அது செப்டம்பர். நம் போட்டிகள் நடப்பது 40 டிகிரியைத் தாண்டுகிற மே மாதத்தில், பகல் பன்னிரண்டு மணிக்கும் ஆட்டம் உண்டு. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். வெறும் தண்ணீராக இல்லாமல் உப்புப் போட்ட மோர், அல்லது ஓ.ஆர்.எஸ். பாக்கெட். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்குங்கள். பையன் தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் பேசினால், வியர்வை வருகிறதே என்று சமாதானமாகாதீர்கள். ஓடும்போது வருகிற வெப்பத்தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கும். நிழலில் படுக்கவைத்து உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

பவுடர் பற்றிச் சுருக்கமாக. இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024இல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 70 விழுக்காட்டில் டப்பாவில் போட்டிருந்த புரதக் கணக்கு தப்பு. பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு நான் எழுதித் தருவதேயில்லை. மருந்துக் கடை சிரப்பிலும் கவனம் வேண்டும். இருமல் மருந்தில் இருக்கும், விளையாட்டு வீரர்களுக்குத் தடைசெய்யப்பட்ட டெர்பியூட்டலின் சிறுநீரில் இருந்ததால் பிரித்வி ஷாவுக்கு 2019இல் எட்டு மாதத் தடை. யூசுஃப் பதானுக்கு அதே மருந்தால் ஐந்து மாதம். ஷேன் வார்ன் 2003 உலகக் கோப்பைக்கு முன் தன் அம்மா கொடுத்த, சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரையைப் போட்டு ஓராண்டு வெளியே உட்கார்ந்தார். மாநில அணி வரை போகிற வாய்ப்புள்ள பிள்ளை என்றால் சளிக்கு மருந்து எழுதும் மருத்துவரிடமே “விளையாடுற பையன்” என்று சொல்லிவிடுங்கள்.

பெண் பிள்ளைகள் இப்போது அதிகம் வருகிறார்கள். 2025 நவம்பரில் நம் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்ற பிறகு சத்துவாச்சாரியிலிருந்தும் ராணிப்பேட்டையிலிருந்தும்கூட அப்பாக்கள் கூட்டிவருகிறார்கள். இவர்களிடம் நான் முதலில் பார்ப்பது ரத்தம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இந்தப் பெண்ணை எவ்வளவு ஓட வைத்தாலும் யோயோ எண் ஏறாது, ஆக்சிஜனைக் கொண்டுபோக ஆளில்லை. ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் 12 இருந்தும் இரும்புச் சேமிப்பு வறண்டிருப்பது உண்டு. மாதவிலக்கு மூன்று மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால், “விளையாடறதால அப்படித்தான்” என்று விடாமல் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பாடு போதவில்லை என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினால் டீ, காபியோடு போட வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். எலுமிச்சைச் சாறோடோ நெல்லிக்காயோடோ எடுத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். மலம் கருப்பாகப் போகும், அதற்குப் பயந்து பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும்.