மண்டபத்துச் சோறும் மாட்டு வயிறும்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் முகூர்த்த நாளுக்கு மறுநாள் கால்நடை மருத்துவருக்கு இப்படி ஒரு போன் வரும்: "சார், மாடு நேத்து ராத்திரியிலிருந்து அசை போடல, தண்ணியாக் கழியுது." என்ன போட்டீங்க என்று கேட்டால், கொஞ்சம் தயங்கி, "மண்டபத்துல மிஞ்சின சோறு ரெண்டு குண்டாங்க" என்பார்கள். மாட்டுப் பொங்கல் முடிந்ததும் இதே கதைதான்.

வைக்கோலைச் செரிக்கும் நொதி மாட்டின் உடம்பில் சுரப்பதில்லை. அந்த வேலையைச் செய்வது, முதல் வயிறான அசையூண் பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள். பெரிய கலப்பினப் பசுவின் பை 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். பைக்குள் பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 6 முதல் 7 வரை இருந்தால் அந்த நுண்ணுயிரிகள் நிம்மதியாக வேலை பார்க்கும். வெந்த சோற்றில் மாவுச்சத்து ஏற்கெனவே குழைந்திருப்பதால் வேகாத அரிசியைவிட வேகமாகப் புளிக்கும். லாக்டிக் அமிலம் குவிந்து பிஎச் 5-க்கும் கீழே போகும். நார் செரிப்பவை சாக, அமிலம் சுரப்பவை மட்டும் பெருகும். அந்த அமிலம் ரத்தத்திலுள்ள நீரைப் பைக்குள் இழுத்துக்கொள்ளும். கண் குழிவிழுவது அதனால்தான். முற்றினால் ஓரிரு நாளில் மாடு செத்துவிடும்.

இடது பக்கம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவிலுள்ள குழியில் கைமுட்டியை அழுத்தி வையுங்கள். நல்ல மாட்டில் இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை பை புரண்டு கையைத் தள்ளும். சோறு தின்று படுத்த மாட்டில் அசைவே இருக்காது. முட்டியால் இடித்தால் உள்ளே தண்ணீர் சளசளக்கும். சாணியில் புளிச்ச வாடையும் பருக்கையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

உடனே கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்கு அழையுங்கள். மருத்துவர் வரும்வரை சோறு, தவிடு, புண்ணாக்கு எல்லாம் நிறுத்தி வைக்கோல் மட்டும் போடுங்கள். தண்ணீரை வாளி வாளியாகக் காட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். நின்றுகொண்டிருக்கும் பெரிய மாட்டுக்கு 100 முதல் 150 கிராம் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து மெதுவாகப் புகட்டலாம். நாக்கை இழுத்துப் பிடித்தோ தலையை அண்ணாந்து தூக்கியோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். படுத்துவிட்ட மாட்டுக்கு எதையும் ஊற்றாதீர்கள். நல்லெண்ணெய் வைத்தியமும் இதற்கு உதவாது.

"பக்கத்து வீட்டு மாடு தினமும் சோறு தின்னுதே" என்பார்கள். உண்மைதான். நுண்ணுயிரிகள் புதுத் தீனிக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த மாடு பழகியிருக்கிறது, உங்கள் மாடு பழகவில்லை. கழுநீரில் வழக்கமாக விழும் ஒரு கைப்பிடிப் பருக்கையால் ஒன்றும் ஆகாது. மிஞ்சியதைக் கொடுத்தே தீர வேண்டுமென்றால், முதலில் வயிறார வைக்கோல், பிறகு கொஞ்சமாகச் சோறு.

பிழைத்த மாடும் சில வாரம் கழித்து நொண்டலாம். அமிலம் குளம்பின் உள்சதையையும் பாதிக்கும். குளம்பு சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இருந்தால் சிமெண்ட் தரையில் கட்டாமல் மண் தரைக்கு மாற்றுங்கள்.