டூயல் பூட்: இருவழித் தொடக்கம்

"மாமா, உபுண்டு அழிஞ்சுபோச்சு" என்று திருமங்கலத்திலிருந்து அக்கா மகன் போன் செய்தான். அவன் லேப்டாப்பில் விண்டோஸ், உபுண்டு என்று இரண்டு இயங்குதளங்கள் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்கள்) இருந்தன; உபுண்டு லினக்ஸ் வகை. இப்படி ஒரே கணினியில் இரண்டை வைத்து, வேண்டியதைத் தொடங்குவதுதான் டூயல் பூட். விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் உபுண்டுவைக் காணோம். கடையில் காட்டியதற்கு, "ஃபார்மட் போட்டுரலாம்" என்றார்களாம். அதற்கு அவசியமே இல்லை. மாட்டுத்தாவணியில் வழிகாட்டும் பலகையைக் கழற்றிவிட்டால் திருநெல்வேலி பஸ் இல்லாமல் போய்விடுமா? டூயல் பூட் என்ற சொல்லின் பொருள் தெரிந்திருந்தால் பிள்ளை இவ்வளவு பயந்திருக்க மாட்டான்.

பூட் என்பது நாம் காலில் போடும் பூட்ஸ்தான். அதை இழுத்து மாட்டப் பின்பக்கம் ஒரு வார் இருக்கும், அதுதான் பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்று, நடக்காத காரியத்துக்கு ஆங்கிலத்தில் 19-ஆம் நூற்றாண்டில் சொல்லிவந்தார்கள். 1950-களில் இதைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கணினி ஓட நினைவகத்தில் நிரல் வேண்டும். அந்த நிரலை நினைவகத்துக்குக் கொண்டுவரவும் ஒரு நிரல் வேண்டும். ஆகவே சின்ன நிரல் ஒன்று முதலில் எழுந்து, தன்னைவிடப் பெரியதை எழுப்புகிறது. அந்த பூட்ஸ்ட்ராப்தான் சுருங்கி பூட் ஆனது. சித்திரையில் எங்கள் பக்கம் பொன்னேர் பூட்டுவோம். அந்தப் பூட்டுக்கும் இதற்கும் உறவில்லை. ஆனாலும் ஆண்டின் முதல் உழவைத் தொடங்கும் சொல் இவ்வளவு பக்கத்தில் ஒலிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

தமிழில் தொடக்கம் போதும். துவக்கம் என்றும் எழுதுகிறார்கள். நான் தொடக்கத்தையே எடுப்பேன். 491-ஆம் குறளே 'தொடங்கற்க' என்றுதான் ஆரம்பிக்கிறது. டூயலுக்கு இரட்டை என்று போடுவதில்தான் தயக்கம். இரட்டை மாட்டு வண்டியில் இரண்டு மாடும் சேர்ந்து இழுக்கும். இங்கே ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும்; எது என்று தொடக்கத்திலேயே நாம் தேர்ந்தெடுக்கிறோம். அதனால் இருவழித் தொடக்கம் என்பேன். தேர்வுப் பட்டியலைக் காட்டி, கேட்டதை ஏற்றிவிடும் நிரல் தொடக்க ஏற்றி. லினக்ஸில் பெரும்பாலும் அது கிரப்.

பழைய கணினிகளில் வட்டின் (ஹார்ட் டிஸ்க்) முதல் 512 பைட்டில்தான் ஏற்றியின் முதல் துண்டு இருக்கும், அதிலும் நிரலுக்கு 446 பைட்தான். விண்டோஸ் அதன்மேல் தன்னுடையதை எழுதிவிடும். இப்போதைய கணினிகளில், பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது யூஇஎஃப்ஐ என்ற உள்மென்பொருள்; அவற்றில் இதற்கென்று வட்டில் சிறிய பகிர்வு (தனியாகப் பிரித்த பகுதி) ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு இயங்குதளத்தின் ஏற்றியும் தனித்தனியாக இருக்கும். விண்டோஸ் வரிசையில் முந்திக்கொள்ளும், அவ்வளவுதான். யூஇஎஃப்ஐ அமைப்புக்குள் போய் உபுண்டுவை மேலே நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அங்கே பெயரே இல்லையென்றால், நிறுவாமலே உபுண்டுவை ஓட்டும் லைவ் பென்டிரைவில் கணினியைத் தொடங்கி கிரப்பை மட்டும் மறுபடி நிறுவலாம். அப்புறம் பட்டியலில் விண்டோஸ் வராவிட்டாலும் பதற வேண்டாம். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக அணைந்தே இருக்கிறது. கிரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட வேண்டும்.

இந்த வேலைக்குத் தொடக்க மீட்பு என்று பெயர் சொல்வோம். ஃபார்மட் போட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுவது மறுநிறுவல். கடையில் முதலாவதைப் பெயர் சொல்லிக் கேட்டால், இரண்டாவதைச் செய்து கோப்புகளை அழிக்க மாட்டார்கள்.

அக்கா மகனுக்கு வரிசையை மாற்றியதே போதுமானதாக இருந்தது. உபுண்டு திறந்ததும் முதல் வேலையாக, அந்தச் சிறிய பகிர்வை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுக்கச் சொன்னேன்.