குதிரை போனாலும் கணினி ஏன் சில நேரம் வாய் திறப்பதில்லை?

“ஒரு ஆட்டத்தில் குதிரையைச் சும்மா கொடுத்தேன், லிசெஸ் என்ற இணையச் செஸ் தளம் அதைப் பெரும்பிழை என்றது. இன்னொரு ஆட்டத்திலும் குதிரை போனது, ஒரு குறியும் இல்லை. ஏன்?” என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

லிசெஸ் பயன்படுத்தும் செஸ் மென்பொருளான ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் ஒவ்வொரு நிலையையும் சிப்பாய்க் கணக்கில் மதிப்பிடும். குதிரை சுமார் 3 சிப்பாய். ஆனால் லிசெஸ் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, வெற்றி வாய்ப்பாக மாற்றிவிடுகிறது. அந்த வளைகோடுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நடுவில் செங்குத்தாக ஏறி, இரு முனைகளிலும் தட்டையாகிவிடும். 0 (சமநிலை) என்றால் 50%, +3 (மூன்று சிப்பாய் முன்னிலை) என்றால் 75%, +7க்கு 93%, +10க்கு 97%க்குச் சற்று மேல்.

சமநிலையில் குதிரை போனால் 50% சட்டென்று 25% ஆகிறது. +10இலிருந்து +7க்கு இறங்கினாலோ இழப்பு 5 புள்ளிகூட இல்லை. 5 புள்ளி சரிந்தால் சிறு பிழை, 10 என்றால் பிழை, 15 என்றால் பெரும்பிழை. இரண்டாவது ஆட்டத்தில் நீங்கள் ஏற்கெனவே பெரிய முன்னிலையில் இருந்திருப்பீர்கள், அதனால்தான் அந்தக் குதிரைக்குக் குறி விழவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த வளைகோடு 2300 ரேட்டிங் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்) கொண்ட ஆட்டக்காரர்களின் ஆட்டங்களிலிருந்து வரைந்தது. அவர்கள் +7ஐக் கோட்டைவிடுவது அரிது. 1200இல் அடிக்கடி நடக்கும். ஆகவே சிவப்புக் குறிகளை மட்டும் பார்க்காதீர்கள். ஜெயித்த ஆட்டங்களிலும் மதிப்பெண் 2 சிப்பாய்க்கு மேல் இறங்கிய இடங்களை நீங்களே தேடுங்கள். எதிராளி கவனிக்காமல் விட்ட உங்கள் பிழைகளும் அங்கேதான் இருக்கும்.

முதலில் எஞ்சினை அணைத்துவிட்டு, எங்கே தவறினோம், அப்போது என்ன நினைத்தோம், கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் என்று ஒரு வரி எழுதுங்கள். எஞ்சின் காட்டும் அம்புக்குறியை முதலிலேயே பார்த்துவிட்டால் ‘இது தெரிந்ததுதானே’ என்று மனம் நம்பிவிடும், காரணம் பிடிபடாது. பிறகு கணினிப் பகுப்பாய்வைக் கேட்டு, பிழைகளிலிருந்து கற்கும் பொத்தானை அழுத்துங்கள். பிழைக்கு முந்தைய நிலையைத் தந்து வேறு நகர்த்தல் கேட்கும். எஞ்சின் சொன்னதற்கு நிகரான மாற்று நகர்த்தலையும் ஏற்கும்.

இத்தனையும் இலவசம், லிசெஸ் நன்கொடையில் ஓடுகிறது. பள்ளிகளில் செஸ் வளர்க்க அரசு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு இத்தகைய திறந்த மென்பொருள்களுக்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பத்துப் பன்னிரண்டு நகர்த்தல் தள்ளிப் பலன் தரும் எஞ்சின் யோசனைகளைத் தாண்டிப் போங்கள். எதிராளியின் அடுத்த நகர்த்தலிலேயே காய் பறிபோன இடங்களை முதலில் எடுங்கள். 1200 ரேட்டிங்கில் பெரும்பாலான தோல்விகள் அங்கிருந்துதான் வருகின்றன.