லாக்: பூட்டா, தாழா?

மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடை ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். மூன்று கணினி, ஒரே தரவுத்தளம். ஒருநாள் எடை மேசையில் இருந்தவர் ஒரு வரவைத் திருத்தத் திறந்துவிட்டுச் சாயா குடிக்கப் போனார். மற்ற இரண்டு திரைகளும் நின்றுவிட்டன. ஒருவர் திருத்தும்போது மற்றவர் கைவைக்காமல் தரவுத்தளம் தடுப்பதை ஆங்கிலத்தில் 'லாக்' என்பார்கள். "அட்டவணை பூட்டிக்கிடக்கிறது" என்றேன். "தாக்கோல் யாரிடம் இருக்கிறது, தம்பி?" என்று கேட்டார் கடைக்காரர்.

நியாயமான கேள்வி. பூட்டு என்றால் சாவி வேண்டுமல்லவா? குமரி மாவட்டத்தில் சாவிக்குப் பெயர் தாக்கோல். தாழ்க்கோல் என்பதன் தேய்ந்த வடிவம். சாவிதான் போர்ச்சுகீசியரிடமிருந்து வந்தது.

பூட்டுதல் என்றால் இணைத்தல். ஏரில் மாட்டைப் பூட்டுகிறோம், வில்லில் நாணைப் பூட்டுகிறோம். கதவுப் பூட்டோ வெளியே போகிறவர் போடுவது. சாவி உள்ள எவரும் திறக்கலாம். தரவுத்தள 'லாக்' அப்படியல்ல. உள்ளே இருப்பவரே போடுகிறார், சாவியே கிடையாது, அவர் வேலையை முடித்தால்தான் விலகும். தமிழில் அதற்குத் தாழ் என்று பெயர். அட்டவணை முழுவதற்கும் என்றால் அட்டவணைத் தாழ், அதில் ஒரு பதிவு வரிக்கு மட்டும் என்றால் வரித் தாழ் என்றே சொல்லலாம். மலையாளத்தில் 'தாழும் தாக்கோலும்' என்றால் பூட்டும் சாவியும்தான். ஆகவே எல்லைப்புறத்தில் தாழ்ப்பாள் என்று முழுதாகச் சொல்வது நல்லது.

தாழோடு சேர்ந்து வரும் இன்னொரு சொல் 'செஷன்': ஒருவர் தரவுத்தளத்தோடு இணைந்திருக்கும் காலம். அது லத்தீனில் உட்கார்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. அமர்வு என்பது அச்சொட்டான இணை. மேசைக்கணினிச் செயலியில் ஜன்னல் திறந்திருக்கும்வரை அமர்வு நாள் முழுவதும் நீளும், அதில் பிழையில்லை. தாழ் நீள்வதுதான் பிழை. திருத்தும் திரை திறந்த கணமே தாழிடும்படி எழுதியது என் தவறு. தட்டச்சு செய்யும்போது தாழே வேண்டாம். சேமிக்கும் நொடியில் பரிவர்த்தனையை (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத மாற்றத் தொகுப்பை) தொடங்கி, வரியின் பதிப்பு எண் (ஒவ்வொரு திருத்தத்திலும் மாறும் எண்) நடுவே மாறியிருக்கிறதா என்று பார்த்து, எழுதி, உடனே முடித்துவிட வேண்டும்.

மின்சாரம் போனால் இன்னொரு சிக்கல். கணினி சொல்லாமல் அணைந்துவிடும். தரவுத்தளம் இருக்கும் சேவையகமோ அந்தக் கணினிக்காரர் இன்னும் அமர்ந்திருப்பதாகவே எண்ணும். லினக்ஸ் இயங்குதளத்தின் இயல்பு அமைப்பில், பேச்சற்ற இணைப்பை உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கவே 7200 நொடிகள் ஆகும். பரிவர்த்தனையைத் திறந்தபடி சும்மா இருக்கும் அமர்வைத் தானே கலைக்கும் வசதி போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் 2016 முதல் இருக்கிறது. ஆனால் நாமாக இயக்கினால்தான் வேலை செய்யும்.

கடையின் மென்பொருளைத் திருத்தியபோது அறிவிப்பையும் மாற்றினேன்: "எடை மேசைக் கணினி தாழிட்டிருக்கிறது." எப்போதாவதுதான் அது தோன்றுகிறது. தோன்றினால் யாரும் தாக்கோலைத் தேடுவதில்லை. எடை மேசைக்காரரைக் குரல் கொடுத்து அழைக்கிறார்கள்.