பசளைப் பட்டியலில் உங்கள் பெயர்: வயலைத் தனியே பார்க்கும் பெண்களுக்கு

இலங்கைக்கு வெளிநாட்டு உதவியாக வரும் பசளையும் விதைநெல்லும் பெரும்பாலும், விவசாயிகளைப் பதியும் அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்தின் பதிவேட்டைப் பார்த்தே பங்கிடப்படுகின்றன. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு விளைச்சல் வீழ்ந்த பின்னர், அமெரிக்க நிதியில் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு ஊடாக 2023 மார்ச்சில் கையளிக்கப்பட்ட 36,000 மெற்றிக் தொன் ரி.எஸ்.பி. (பொஸ்பரசு தரும் ஒரு வகை) பசளை, நெல் விவசாயிகளுக்கு இலவசமாகச் சென்றதும் அந்த வழியில்தான். 2024/25 பெரும்போகத்தில் ஹெக்டேயருக்கு 25,000 ரூபா வீதம் அரசு அறிவித்த மானியமும் பதிவில் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே உரியது.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையில் ஒரு விநியோக நாளில், கணவரின் மரணச் சான்றிதழைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு காலை முதல் காத்திருந்த ஒரு தாயைப் பார்த்தேன். இரண்டு ஏக்கரை மூன்று போகமாக அவரே செய்துவந்தார். பட்டியலிலோ இறந்த கணவரின் பெயரே இருந்தது. மூட்டை கிடைக்கவில்லை. கடையில் கடனுக்குப் பசளை வாங்கினார். அறுவடையில் பெரும்பங்கு சூடடிக்கும் களவெட்டியிலேயே கடனுக்கு அளக்கப்பட்டது. உதவி ஊருக்கு வந்தும் வறுமை வீட்டை விட்டுப் போகாததற்கு இந்தக் கமநலப் பதிவே ஒரு காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

மட்டக்களப்புத் தமிழரிடையே வீடும் வயலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழமை. ஆயினும் காணி உறுதிப்பத்திரம் மனைவியின் பெயரிலும் கமநலப் பதிவு கணவரின் பெயரிலும் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பெண்கள் உறுதிப்பத்திரத்தைக் காட்டிப் பதிவை மாற்றுமாறு கேட்கலாம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தைப் போன்ற குடியேற்றங்களில் அரச அனுமதிப்பத்திரத்தின் கீழ் உள்ள காணியின் நிலை வேறு. அங்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே பொருந்தும். பின்னுரித்தாளர் (காணியை அடுத்துப் பெறுபவர்) பெயர் குறிக்கப்படாதபோது ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை தந்த அதன் அட்டவணை 2022இல் திருத்தப்பட்டது. கணவர் இறந்தால் மனைவிக்கு அக்காணியில் ஆயுட்கால உரிமை உண்டு. ஆனால் ஆறு மாதங்களுக்குள் காணியைப் பொறுப்பேற்காவிட்டால் அதனை இழக்க நேரலாம். துக்க வீட்டில் இதை யாரும் நினைப்பதில்லை; ஆகவே உறவினர்களே நினைவூட்ட வேண்டும்.

கணவர் காணாமலாக்கப்பட்டிருந்தால் மரணச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் இறந்துவிட்டதாக ஒப்புக்கொள்ளாமலே, காணாமற்போனோருக்கெனப் பதிவாளர் வழங்கும் சான்றிதழைப் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. சொத்து அலுவல்களுக்கும் அரச கொடுப்பனவுகளுக்கும் அதனைக் காட்டலாம்.

வாய்ச்சொல்லில் குத்தகைக்குச் செய்யும் பெண்களின் நிலைமையே மிகவும் கடினமானது. காணிக்காரரிடம் ஒரு எழுத்தாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்பே அடையாள அட்டை, காணிப் பத்திரம், கிராம உத்தியோகத்தரின் கடிதம், உங்கள் பெயரிலான வங்கிப் புத்தகம் ஆகியவற்றுடன் கமநல சேவை நிலையத்துக்குச் சென்று, பெயர் மாற்றக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதியும் ஒப்பமும் பெற்றுக்கொள்ளுங்கள். கமக்காரர் அமைப்பிலும் உங்கள் பெயரிலேயே அங்கத்துவம் கேளுங்கள்.