மேலே சுழல்வதைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சாயப்பட்டறைக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு எங்கே போனாலும் நான் முதலில் எட்டிப் பார்ப்பது சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி வைக்கும் தொட்டியைத்தான். மேலே பால் மாதிரி சுழன்றுகொண்டிருக்கும், "நல்லா ஓடுது சார்" என்பார் ஆபரேட்டர். கலக்கியை நிறுத்தி உடனே ஒரு கம்பை விட்டுப் பார்த்தால் (ஓடும்போது விடவே கூடாது) ஒரு சாண் உயரத்துக்குச் சுண்ணாம்பு இறுகிக் கிடக்கும்.

பாதி இடங்களில் இது கரண்ட் பில்லைக் குறைக்கப் போய் வந்த வினை. கலக்கியின் வேகத்தை 20% குறைத்தால் மோட்டார் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும், யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் எந்தத் துகளும் அடியில் ஓரிரு நொடிக்கு மேல் தங்காமல் இருக்க ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும். அதைக் கணக்கிட ஸ்வீட்டரிங் என்ற ஆய்வாளர் 1958-இல் கொடுத்த சூத்திரத்தைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். அதன்படி துகளின் விட்டம் இரண்டு மடங்கானால் வேகம் 15% கூட வேண்டும், அதற்கு மின்சாரம் ஒன்றரை மடங்கு. விலை குறைவு என்று கொரகொரப்பான சுண்ணாம்புக்கு மாறுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வேகாத கல் நிறைய கலந்திருந்தால் எந்தச் சூத்திரமும் உதவாது, அடி வால்வைத் திறந்து அவ்வப்போது வெளியேற்றத்தான் வேண்டும்.

அப்புறம் பேஃபிள், அதாவது தொட்டிக்குள் நிற்கும் தடுப்புப் பட்டை. கழுவ இடைஞ்சல் என்று வெட்டி எடுத்துவிடுகிறார்கள்! சுவரை ஒட்டி, தொட்டி விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலத்தில் நான்கு பட்டைகள் இல்லையென்றால் தண்ணீர் மொத்தமாகச் சுற்றுமே தவிர மேலும் கீழும் புரளாது, துகளெல்லாம் அடியில் நடுவே குவியும்.

இன்னொன்று, யாரும் சந்தேகப்படாதது. கலக்கியின் 45 டிகிரி சாய்ந்த இலைகள் தண்ணீரைக் கீழ்நோக்கித் தள்ளுவதற்காகத்தான் இருக்கின்றன. ரீவைண்டிங் முடிந்து மோட்டாரை மாட்டும்போது இரண்டு ஃபேஸ் மாறிவிட்டால் எதிர்ப்பக்கம் சுற்றும், மேலே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, அடியில் மட்டும் படிந்துகொண்டே போகும்.

கரண்ட் போய் நீண்டநேரம் நின்ற தொட்டியை அப்படியே ஸ்டார்ட் செய்யாதீர்கள். இலை புதைந்திருந்தால் மோட்டார் ட்ரிப் ஆகும், இல்லையென்றால் ஷாஃப்ட் வளையும். வெளியே நின்றபடியே தண்ணீர் பீச்சி இளக்கிவிட்டு ஓட்டுங்கள். கடப்பாரையோடு ஆளை இறக்குவது கடைசி வழிதான். இறங்கியே ஆக வேண்டுமென்றால் மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டி, சாவியை இறங்குபவரிடமே கொடுங்கள். உள்ளே காற்றைச் சோதியுங்கள், வெளியே ஒருவர் நிற்கட்டும். சுண்ணாம்புப் பாலின் பிஎச் 12-ஐத் தாண்டும், அவ்வளவு காரம், ஆகவே பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.