டயரில் அந்த நாலு நம்பரைப் பார்த்தீர்களா?

போன வாரம் என் மெக்கானிக் கடைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தது மகன். பின்னாலேயே கையில் மாவுக்கட்டோடு அப்பா. 2005 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ். விடிகாலை நாலு மணிக்குத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர், பல வருடப் பழக்கம். "அண்ணே, முன் பிரேக்கைக் கொஞ்சம் லூஸ் பண்ணி விடுங்க, தொட்டாலே கவ்விப் பிடிச்சு ஆளை வழுக்கி விட்ருது" என்றார். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை. குனிந்து முன் டயரைப் பார்த்தேன். பெரிய கம்பெனி டயர்தான், பட்டன் (ரோட்டில் படுகிற ரப்பர் மேடுகள்) அப்படியே புதுசு மாதிரி. ஓரத்தில் இருந்த எண் 3813.

இந்த மழைக்கு இப்படி வந்த நாலாவது ஆள் இவர். அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய சாமான் கடையில் நானூறு ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். "பட்டன் நல்லா இருக்கே அண்ணே!" என்று என்னிடமே காட்டுகிறார். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பட்டன் இருந்தால் டயர் ஓடவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். டயர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஓடாமல் மொட்டை மாடியிலும் மரத்தடியிலும் பத்து வருடம் கிடந்த ரப்பர் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை, வீட்டில் பழைய ரப்பர் பேண்ட் ஒன்று இருந்தால் இழுத்துப் பாருங்கள். அந்த முன் டயரில் என் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன், பதியவே இல்லை, பிளாஸ்டிக் வாளியை அழுத்துவது மாதிரி இருந்தது. கழற்றிக் கையில் வளைத்தபோது பட்டனுக்கு இடையில், காய்ந்த கண்மாய் மாதிரி கோடு கோடாக வெடிப்பு. இந்தக் கல்லு டயரை ஈர ரோட்டில் வைத்து முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி எப்படி நிற்கும்?

அந்த நாலு நம்பரை எப்படிப் படிப்பது என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருடம். 3813 என்றால் 2013-ஆம் வருடம் 38-ஆவது வாரம், அதாவது செப்டம்பர். ஒரு பக்கம் காணோம் என்றால் மறுபக்கம் பாருங்கள், பெரும்பாலும் ஒரே பக்கம்தான் போட்டிருப்பார்கள். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தியது, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். (சிரிக்காதீர்கள், ஒரு பழைய புல்லட்டில் அப்படி ஒன்றை நானே கழற்றியிருக்கிறேன்.)

என் கணக்கில் ஐந்தாறு வருடம் தாண்டிய டயரை, பட்டன் எவ்வளவு இருந்தாலும், சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். பத்து வருடம் ஆகிவிட்டால் பார்க்கவே வேண்டாம்.

"பழைய வண்டி, நாற்பதுக்கு மேல போறதே இல்ல, இதுக்கு எதுக்குப் புது டயர்?" என்பார்கள். நாற்பதில் போகிறவருக்குத்தான் இப்போது மணிக்கட்டு உடைந்திருக்கிறது.

விலை குறைந்த டயர் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, அதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பெரிய கம்பெனியின் பத்து வருடப் பழசை விட, சின்ன கம்பெனியின் போன மாத டயர் எவ்வளவோ மேல். ஸ்பிளெண்டருக்குப் போடும் 2.75-18 டயர் ஆயிரத்துச் சொச்சத்திலேயே கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22-லிருந்து டயருக்கு ஜிஎஸ்டியும் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. ஐஎஸ்ஐ முத்திரையும் பக்கத்தில் ஐஎஸ் 15627 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் 42P, 48P என்று ஒன்று இருக்கும். 42 என்றால் 150 கிலோ தாங்கும், 48 என்றால் 180 கிலோ. மூட்டை ஏற்றுகிறவர்கள் பின் டயருக்கு இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

புது டயர் கடையிலும் தேதியைக் கேளுங்கள். 'ஆஃபர்' என்று தள்ளிவிடுவது பல நேரம் பழைய ஸ்டாக். கடை ஆரம்பித்த புதிதில் நானும் அப்படி விற்றிருக்கிறேன், இப்போது இல்லை.

அப்புறம் இந்த டியூப்லெஸ் ஆசை. ஸ்போக்ஸ் கம்பி வீலுக்கு டியூப்லெஸ் போட்டுத் தாருங்கள், பஞ்சரே ஆகாதாமே என்று வாரத்துக்கு இரண்டு பேர் வருகிறார்கள். கம்பி மாட்டிய ஒவ்வொரு ஓட்டையிலும் காற்று போய்விடும் அய்யா, உள்ளே டியூப் போட்டே ஆக வேண்டும், ஆணி குத்தினால் அந்த டியூப் பஞ்சராகத்தான் செய்யும். பின்னால் தடி டயர் கேட்கிற தம்பிகளுக்கும் சொல்கிறேன், செயின் கவரில் உரசும், மைலேஜ் போகும், வேண்டாம்.

காசு குறைவாக இருந்தால் முதலில் முன் டயரை மாற்றுங்கள். எல்லோரும் பின் டயருக்கு மட்டும் செலவு செய்துவிட்டு, முன்னால் கிடைத்ததை மாட்டி ஓட்டுகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் பெரும்பாலும் முன்னாலதானே வருகிறது? புது டயருக்குப் பழைய டியூபைத் திணிக்காதீர்கள். டயரில் அம்புக்குறி இருந்தால் வீல் சுற்றும் திசைக்கு அது இருக்க வேண்டும், மாட்டியதும் நீங்களே ஒருமுறை பாருங்கள். முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாகப் போங்கள், புது டயரின் மினுமினுப்பு போகும்வரை வழுக்கும். ஸ்பிளெண்டருக்குக் காற்று முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் தனியாகப் போனால் 28. ஆளோ மூட்டையோ ஏறினால் பின்னால் கூட்டி வைக்க வேண்டும், எவ்வளவு என்று வண்டியிலேயே ஸ்டிக்கர் இருக்கிறது, தயவுசெய்து அதைப் படியுங்கள்.

பூக்காரருக்கு முன்னும் பின்னும் புது டயர் போட்டாயிற்று, பணம் இரண்டு தவணை. கிளம்பும்போது, "அந்தப் பழைய டயரைக் கொடுங்கண்ணே, மச்சான் வண்டிக்கு ஆகும்" என்றார். நான் பதில் சொல்லவில்லை. ஆக்சா பிளேடை எடுத்து, ஓரத்துக் கம்பியோடு சேர்த்து இரண்டாக அறுத்த பிறகுதான் அவர் கையில் கொடுத்தேன்.